அப்பாவின் சான்ட்ரோ தினமும் ஓடுமா?

கேள்வி:

கும்பகோணத்தில் இருக்கிறேன். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் வேலை. போக வர 44 கிலோமீட்டர். இரவுப் பணி வருகிற வாரங்களில் திரும்பிவர பஸ் கிடையாது. மழையிலும் இருட்டிலும் ஸ்கூட்டரில் போவதை நினைத்து அம்மா தூங்குவதில்லை.

அப்பா 2007 ஆகஸ்டில் வாங்கிய சான்ட்ரோ ஜிங் கார் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. பெட்ரோல் வண்டி, 91,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 2022-ல் அப்பாவே ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார். சென்ற ஆண்டு அவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு பதினான்கு மாதமாக யாரும் வண்டியை எடுக்கவில்லை. தெரிந்த மெக்கானிக் வந்து பார்த்து, இன்ஜின் ஓவர்ஹாலுக்கு 32,000, டிங்கரிங், பெயின்ட்டிங்குக்கு 30,000, ஏசிக்கு 14,000, சீட் கவர், மியூசிக் சிஸ்டத்துக்கு 9,000, ஆக 85,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். டயரில் பட்டன் தேயவில்லை, அது ஓடும் என்கிறார். தம்பியோ, "அறுபதாயிரத்துக்குத் தள்ளிவிட்டு லோன் போட்டுப் புது வண்டி எடு" என்கிறான். அம்மாவுக்கு விற்க மனமில்லை. வண்டியில் ஏர்பேக், ஏபிஎஸ் கிடையாது. என்ன செய்யட்டும்?

பதில்:

உங்கள் வண்டியைச் சரிசெய்து தினமும் ஓட்ட முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 85,000 ரூபாய்ப் பட்டியலின்படி வேண்டாம். அதில் பிரேக் என்ற சொல்லே இல்லை. பதினெட்டு வருட வண்டி, பதினான்கு மாதம் அசையாமல் நின்றிருக்கிறது, இரவில் ஒரு பெண் தனியாக ஓட்டப்போகிறார். இப்படி ஒரு வண்டிக்குப் போட்ட கணக்கில் பெயின்ட்டுக்கு இடம் இருந்து பிரேக்குக்கு இடம் இல்லையென்றால், முதல் வரியிலிருந்து திருத்தி எழுத வேண்டியதுதான். மிதித்தால் நிற்கிறதா, வழியில் விட்டுவிடாமல் வீடு சேர்க்கிறதா, இந்த இரண்டுக்கும் பணம் போட்டு முடித்த பிறகே மற்றவை.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு காகித வேலை இருக்கிறது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. தாமதமானாலும் செய்துகொள்ளலாம், அபராதம் சேரும், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள்.

இதைவிட அவசரமானது இன்ஷூரன்ஸ். உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான் பழைய பாலிசி செல்லும். உங்கள் விஷயத்தில் இரண்டு கெடுவுமே தாண்டியிருக்கும். அதாவது இன்றைக்கு அந்த வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி. ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். வழியில் யார்மீதாவது பட்டுவிட்டால் நஷ்டஈடு மொத்தமும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

இனி வண்டிக்கு வருவோம். முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன், விலைக்கு வாங்க வந்த ஆள்போல அதைப் பாருங்கள். இன்ஜினையோ கியர் பாக்ஸையோ பிரித்துச் சேர்க்கலாம், வேண்டுமானால் மாற்றியும் போடலாம். அடித்தளம் துருப்பிடித்துத் தின்னப்பட்டிருந்தால் அதற்கு நல்ல மருந்து இல்லை. அய்யம்பேட்டை, பாபநாசம் வட்டாரத்து ஐப்பசி மழை உங்களுக்கே தெரியும். ஷெட்டில் நின்றாலும் ஈரம் கீழிருந்து ஏறும். உள்ளே போட்டிருக்கும் மேட்டையும் அதன் அடியிலுள்ள கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். புளித்த வாடை அடித்தாலோ ஈரம் இருந்தாலோ அந்த இடத்துத் தகரத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், வண்டிக்கு அடியில் லோயர் ஆர்ம் பிடித்திருக்கும் இடம் இவற்றையெல்லாம் ஜாக்கி போட்டு, வெளிச்சம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலாகத் துரு இருந்தால் சுரண்டி, ப்ரைமர் அடித்து, அண்டர்கோட்டிங் கொடுத்துவிடலாம். லோயர் ஆர்ம் பிடிக்கும் இடத்திலோ ஷாக் மவுண்டிலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் தம்பி சொல்வதுதான் சரி. வண்டியைக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எந்த டிங்கர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உடம்பு உறுதியாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி இன்ஜின். உங்கள் மெக்கானிக் எதை வைத்து ஓவர்ஹால் என்றார் என்று தெரியவில்லை. பதினான்கு மாதம் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைப் பார்த்தமாத்திரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சான்ட்ரோவின் 1086 சிசி இன்ஜின் 91,000 கிலோமீட்டரில் முடிந்துபோகிற இன்ஜின் அல்ல. நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டியிருந்தால் அதில் இன்னும் நிறைய ஓட்டம் பாக்கி இருக்கும்.

முதலில் அதை எழுப்புகிற விதம் முக்கியம். சாவி போட்டுச் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர்களைக் கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கில் நிற்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பிறகு இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் செல்ஃப்.

ஸ்டார்ட் ஆகி, நன்றாகச் சூடேறிய பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, சிலிண்டர் ஒவ்வொன்றாகக் கேஜ் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். நான்கு எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கும் போதிய அளவில், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ஓவர்ஹால் பேச்சுக்கே இடமில்லை. ஏதாவது ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் அது வால்வ் சீல், ஓவர்ஹாலில் பாதிச் செலவுகூட ஆகாது. சூடான பிறகும் வெள்ளைப்புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க ஒருவர் அவசரப்பட்டால் வேறு மெக்கானிக்கிடம் போவதே நல்லது. நன்றாக இருக்கும் இன்ஜினைப் பிரித்து, போதாத கருவிகளோடு திரும்பச் சேர்த்து, அதற்குப் பிறகு நிம்மதியிழந்த குடும்பங்கள் பல.

ஓவர்ஹாலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை டைமிங் பெல்ட்டுக்குக் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சான்ட்ரோவில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். வண்டி அங்கேயே நிற்கும், ஹெட்டைக் கழற்றாமல் சரியாகாது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு, ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். அப்பா எப்போது மாற்றினார் என்பதற்கு பில் கிடைக்கவில்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள். கூடவே டென்ஷனர் பேரிங்கும் மாற வேண்டும். அங்கே கழற்றியிருக்கும்போதே கிராங்க் ஆயில் சீலையும் போட்டுவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம்.

அடுத்தது கூலிங். நம் ஊரில் பழைய வண்டி இன்ஜின்கள் தேய்ந்து சாவதைவிடச் சூட்டில் சாவதுதான் அதிகம். காரணம் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம். உப்பும் துருவும் படிந்து வழி அடைத்துக்கொள்ளும். இன்னொரு கெட்ட வழக்கம், வண்டி சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு அனுப்புவது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், அதுவரை அதிக பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். சூடாவதற்கான உண்மையான காரணமோ அடைபட்ட ரேடியேட்டரிலேயே இருக்கும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்து, அதிகம் அரித்திருந்தால் மாற்றி, ஹோஸ் பைப்புகள், ரேடியேட்டர் மூடி இவற்றைப் புதிதாகப் போட்டு, நல்ல கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்பதை வண்டியை நிற்க வைத்து ஓடவிட்டு உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வாட்டர் பம்ப்பில் கசிவுத் தடம் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம், வீட்டு வண்டிகளில் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. பதினான்கு மாதம் நின்ற வண்டியில் பின் சக்கர வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், ஹேண்ட் பிரேக் கேபிள் சிக்கியிருக்கலாம். நான்கு சக்கரத்தையும் கழற்றி முன் டிஸ்க், பேட், பின் டிரம், ஷூ, வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பார்த்து, மாஸ்டர் சிலிண்டரையும் சோதித்து, புது ஆயில் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் நான்கு சக்கரமும் ஒரே சீராகப் பிடிப்பது ஒன்றுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. மழை ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுற்றிவிடும்.

டயரைப் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கவில்லை. பட்டன் இருப்பது போதாது. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2217 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டியிருந்தாலோ, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ நான்கையும் மாற்றுங்கள். ஒரே இடத்தில் வெகுநாள் நின்ற டயர் அடியில் தட்டையாகவும் போயிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள். தினமும் ஓடும் வண்டிகளில்கூட வாங்கிய நாளில் வைத்த ஸ்டெப்னி அப்படியே கிடக்கும், அவசரத்துக்குக் காற்று இருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி நிச்சயம் புதிது வேண்டும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் மாற்றி வீல் அலைன்மென்ட் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் தரத்தில் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், உங்கள் வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் டேங்கின் பழைய அழுக்கைக் கிளப்பிவிடும் என்பதால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் பெட்ரோல் ஃபில்டரை ஒருமுறை கூடுதலாக மாற்றுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜ் அப்பா சொன்ன அளவுக்கு வராது. வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளட்ச் மேலே ஏறிப் பிடித்தாலொழிய இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஹெட்லைட் உங்களுக்கு முக்கியம். கண்ணாடி மஞ்சள் பாய்ந்திருந்தால் பாலிஷ் போடலாம், அதற்கும் தெளியாவிட்டால் மாற்றுங்கள். எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. பல்புகள் வேண்டாம். அந்த ரிஃப்ளெக்டர் அவற்றுக்காகச் செய்ததல்ல. ஒளி சிதறி மேலே போகும், உங்கள் பாதை தெரியாது. சரியான வாட் உள்ள சாதாரண பல்பும், சுத்தமான எர்த் இணைப்பும், உயரம் சரிபார்த்த லைட்டும் போதும்.

பாகங்கள் கிடைக்குமா என்று தம்பி பயமுறுத்தலாம். சான்ட்ரோ 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் வெளிவரத் தொடங்கிய வண்டி. ஜிங் 2014 வரை விற்றது. தமிழ்நாட்டில் அதற்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. 2018-ல் அதே பெயரில் வந்த சான்ட்ரோ வேறு வண்டி என்பதால், கடையில் "ஜிங், 2007" என்று சொல்லி, சேசிஸ் நம்பரையும் காட்டி வாங்குங்கள். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, டெயில் லைட், பம்பர் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய சாமான் சந்தையில் எடுக்கலாம், தவறில்லை. பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், ரப்பர், பேரிங் எதையும் அங்கே வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது கணக்கு. நான் சொன்ன வேலைகள் எல்லாம் சேர்ந்து, துரு பெரிதாக இல்லாமல் கம்ப்ரஷனும் சரியாக இருந்தால், சுமார் ஐம்பதாயிரத்தில் அடங்கும். புது வண்டிக்கு ஐந்து லட்சம் லோன் என்றால் 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 10,400 ரூபாய் கட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைத் தம்பி சொல்வார், உண்மைதான். ஆனாலும் தவணை தவணைதான். நீங்கள் வேறொன்று செய்யுங்கள். மாதம் மூவாயிரம் ரூபாயை இந்த வண்டியின் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வருடத்தில் அந்தப் பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை என்றால் உங்கள் முடிவு சரி. மொத்தமும் தீர்ந்து மேலும் கேட்கிறதென்றால், அதுவும் அடிக்கடி வழியில் நின்றுபோகிறதென்றால், அப்போது விற்பதில் அம்மாவும் வருத்தப்படமாட்டார்.

ஏர்பேக் இல்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு என்னிடம் மாற்று கிடையாது. அதைப் பின்னால் பொருத்த முடியாது, யாராவது முடியும் என்றால் நம்பாதீர்கள். தஞ்சாவூர் வரை அகலமான சாலையில் தினமும் வேகமாகப் போகும் வேலையாக இருந்தால், கடன் வாங்கியாவது ஏர்பேக் உள்ள வண்டியை எடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். நீங்கள் போவது 22 கிலோமீட்டர், பெரும்பகுதி ஊர்களுக்கிடையே செல்லும் சாலை. அறுபதுக்கு மேல் போகாமல், சீட் பெல்ட்டோடு ஓட்டினால் இரவில் ஸ்கூட்டரைவிட இந்த வண்டி உங்களுக்கு நல்ல காவல். சீட் பெல்ட்டைச் சடாரென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, நாடா நைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் குறை இருந்தால் புதிது போடாமல் வண்டியை எடுக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் முதல் இரண்டு வாரம் பகல் பணிக்கு மட்டும் எடுத்துப் போங்கள். புது ஹோஸ், புது சீல் எதிலாவது கசிவு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயிலும் கூலன்ட்டும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஆயிலை 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். புதிய பாலிசி எடுக்கும்போது வழியில் நின்றால் ஆள் வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் உண்டா என்று கேளுங்கள். இவ்வளவு வயதான வண்டிக்கு எல்லா நிறுவனமும் தராது, தருகிற இடத்தில் எடுங்கள். புகைச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

ஏசியில் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் நிரப்பினால் பணம் வீண், கோடைக்கு முன் அதை மட்டும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பெயின்ட்டிங்கை 2027-க்குத் தள்ளிப்போடுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆர்.சி. முடிகிறது. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம், வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரியும் உண்டு. மத்திய அரசு விதிப்படி 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. உங்கள் வண்டி அந்த எல்லையில் நிற்பதால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அந்த ஆய்வுக்குப் போவதற்கு முன் தகரத்தைப் பார்த்து, தேவையான இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும்.